ஆண்டவர் மன்னிச்சுட்டார். பட்டறை முதலாளிகிட்டயும் போகணுமா?

பதிமூணாம் வளைவு
ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கமுங்க. எஸ்டேட் லயன் வீட்டுல உட்கார்ந்து ஃபோன்ல தட்டறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறையில 11 வருஷம் வேலை பார்த்தவன். இப்ப ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல இருக்கேன். குடிச்சு, குடும்பம் போய், மலை ஏறி வந்தவன். இங்க வந்து ரெண்டாவது வருஷம் இயேசப்பாவை ஏத்துக்கிட்டேன், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். குடிய விட்டு அஞ்சு வருஷமாச்சு. அது நிஜமுங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

பிரச்சினை வேற. பக்கத்து வீட்டுல ஒரு அக்கா, ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம். சாயங்காலம் காப்பிப் பழம் எடை போட்டுட்டு வந்ததும் ரெண்டு வீடும் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். கர்த்தருடைய ஜெபம் சொல்றப்ப அவங்க "எங்கள் குற்றங்களை மன்னியும்"னு சொல்வாங்க. நான் எங்க சபையில கத்துக்கிட்டபடி "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"னு சொல்வேன். இந்த ஆறு மாசமா அந்த 'கடன்' வந்தா நாக்கு நின்னுடுது. அக்கா முடிச்சு ஆமென் சொல்லிடறாங்க, நான் அங்கயே நிக்கிறேன்.

ஏன்னா எனக்குக் கடன் இருக்கு. 860 கிராம் வெள்ளி.

பட்டறை வழக்கம் தெரியாதவங்களுக்கு: முதலாளி கட்டி வெள்ளிய எடை போட்டுத் தருவார். நாம கம்பி இழுத்து, வளையம் கோத்து, பொடி வச்சு ஊதி ஒட்டி, மெருகு போட்டுத் திருப்பி எடை போட்டுக் குடுக்கணும். நடுவுல தேயறது, அரத்துல போறது எல்லாம் சேதாரம். கிலோவுக்கு இத்தனை கிராம்னு பேசின கணக்கு இருக்கும், அதுக்குள்ள நின்னா ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. நான் ஒட்டுப்பொடியக் கொஞ்சம் கூட்டிப் போட்டு எடையை நிறுத்திட்டு, அரத்தூளை இடுப்புல முடிஞ்சு எடுத்துட்டு வந்துடுவேன். 2018 வரைக்கும் ரெண்டு வருஷம் இப்படிப் போச்சு. எவ்வளவுன்னு சிகரெட் அட்டையில குறிச்சு வச்சிருந்தேன். திருடனுக்கும் கணக்கு வேணுமில்ல.

எங்க பாஸ்டர்கிட்ட சொன்னேன். "பழையவைகள் ஒழிந்துபோயின, திரும்பிப் பார்க்காதே, திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியை நினைச்சுக்கோ"ன்னார். நல்ல மனுஷன், என்னைத் தூக்கி நிறுத்தினவர். ஆனா நான் வேலை பார்க்கற தோட்டம் முழுக்க மிளகுக்கொடி ஏத்தின சில்வர் ஓக். காத்தடிச்சா இலை பிரண்டு அடிப்பக்கம் வெள்ளியா மின்னும். எங்கத் திரும்பாம இருக்கறது?

போகணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க.


புதுச்சிருஷ்டி
ஞாயிறு, இரவு 10.20

அன்பான சகோதரருக்கு ஸ்தோத்திரம். உங்கள் பாஸ்டர் சொன்னதே சரி. சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? ஒன்றும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றுதானே கர்த்தர் சொன்னார்? நாம் கொடுத்து வாங்கினால் அதற்குக் கிருபை என்று பெயர் இல்லை, கூலி என்று பெயர். குற்ற உணர்ச்சி சத்துருவின் ஆயுதம். எபேசியர் 4:28 வாசியுங்கள். திருடினவன் இனித் திருடாமல், கையால் உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார் பவுல். நீங்கள் உழைக்கிறீர்கள். அது போதும்.


சீட்டுல போனவன்
ஞாயிறு, இரவு 10.41

நான் கிறிஸ்டியன் இல்ல. அம்மாப்பேட்டை. ஆனா இதுல பேச எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

எங்க தெருவுல ஒருத்தர் தீபாவளிச் சீட்டு நடத்தினார். என் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு மாசாமாசம் கட்டினது மொத்தமும் போச்சு. ஆள் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டார். நாலு வருஷம் கழிச்சு அதே தெரு முனையில பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டிக் கூட்டம். மேடையில அவர். வெள்ளைச் சட்டை. சாட்சி சொல்றார்: "பல பேரை ஏமாற்றினேன், ஆண்டவர் என்னை மன்னித்தார்." கூட்டம் மொத்தமும் அல்லேலூயாங்குது. அந்தப் 'பல பேர்'ல ஒருத்தன் பந்தலுக்கு வெளியில சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அது நான்தான்.

அவரைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும்னு கூட அன்னிக்குத் தோணல. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னன்னுதான் தோணுச்சு. என் பணத்தை எடுத்ததுக்கு மேல இருக்கறவர் எப்படிங்க மன்னிப்பார்? அவருக்கு அதுல எத்தனை தவணை பாக்கி?

கள்ளனைப் பத்திச் சொன்னவருக்கு: அந்தக் கள்ளனுக்குக் கை ரெண்டும் ஆணியில இருந்துச்சு. இவருக்குக் கை சும்மாதானே இருக்கு.


மாங்கொட்டை
ஞாயிறு, இரவு 10.44

ஆணி மேட்டர். சரியான அடி 👌


அரிசிப்பாளையம் டீச்சர்
திங்கள், காலை 6.15

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துப் பங்கு. காலைப் பூசைக்குக் கிளம்புமுன் இதைப் படித்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை.

எங்கள் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனத்துயர்ப்படுவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, பரிகாரம் செய்வது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர் மாறிவிட்டது, ஐந்தும் மாறவில்லை. திருடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அருள்நிறை மரியே சொல்லி முடித்துக்கொள்ள எந்தச் சாமியாரும் விட்டதில்லை. "திருப்பிக் கொடுத்தாயா?" என்று கேட்பார்.

ஆனால் முகத்துக்கு நேரே போய்த்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்களிடம் இல்லை. குரு வழியாகப் பெயர் சொல்லாமல் பொருளைச் சேர்த்துவிடலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் தலை போனாலும் வெளியில் சொல்லக் கூடாது, அது திருச்சபைச் சட்டம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்று 1215-இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்ததே, அதிலேயே இந்த இரகசியக் காப்பும் இருக்கிறது.

உங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதனால் நீங்களேதான் படியேற வேண்டும். இதில் எங்களவர்களுக்குக் கொஞ்சம் சலுகை அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.


கோட்டைச் சபையார்
திங்கள், காலை 9.05

நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. லண்டன் மிஷன்காரர் சேலம் வந்தது 1827. கத்தோலிக்க மறைமாவட்டம் ஆனது 1930. இத்தனை வருஷமாகியும் ஒரே ஜெபத்துல உங்களுக்குக் 'குற்றம்', எங்களுக்குக் 'கடன்'. சண்டைக்குச் சொல்லல, சுவாரசியத்துக்குச் சொல்றேன். இயேசு பேசின அரமேயிக்கில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல், 'ஹோபா'. மத்தேயு அதைக் கடன்னு எடுத்தார். லூக்கா 11:4-ல பாருங்க, முதல் பாதியில 'பாவங்களை', பின் பாதியில 'கடன்பட்ட எவனுக்கும்'. அவருக்கு ரெண்டையும் விட மனசில்ல.

அதனால தம்பிக்கு நாக்கு நின்னது சரியான இடத்துலதான்.

இன்னொண்ணு. புதுச்சிருஷ்டி ஐயா கள்ளனைக் காட்டினார். நான் வரி வசூலிச்ச சகேயுவைக் காட்டறேன். லூக்கா 19. யாரிடமாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்னான். நாலு மடங்கு எங்கிருந்து வந்தது? யாத்திராகமம் 22:1. ஆட்டைத் திருடி விற்றால் நாலு ஆடு, மாட்டைத் திருடி விற்றால் அஞ்சு மாடு. தாவீது ராஜாவே, ஏழையோட ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறிச்சான்னு நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையைக் கேட்டுக் கொதிச்சு, அந்த மனுஷன் நாலத்தனை திருப்பித் தரணும்னுதான் தீர்ப்புச் சொன்னான், அது தன் கதைன்னு தெரியாம.


புதுச்சிருஷ்டி
திங்கள், காலை 9.40

சகேயு விஷயத்தில் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும் ஐயா. கர்த்தர் முதலில் அவன் வீட்டுக்கு வந்தார். பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் சாப்பிட வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அது கனி, விலை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் சுவிசேஷமே போய்விடும். தாவீதும் 51-ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்றுதான் அழுகிறான்.


சீட்டுல போனவன்
திங்கள், மதியம் 1.30

இந்த தாவீது கதைய நெட்டுல தேடிப் படிச்சேன். ஒருத்தன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்டு அவனைப் போர்ல முன்னாடி நிறுத்திக் கொன்னுட்டு, அப்புறம் சாமிகிட்ட போய் "உனக்கு மட்டும்தான் தப்புப் பண்ணேன்"னா, அந்த உரியா எங்கங்க போனான்? செத்தவனுக்குக் கணக்கு இல்லையா?


கோட்டைச் சபையார்
திங்கள், மதியம் 2.10

நியாயமான கேள்வி. 40 வருஷமா ஞாயிறு பள்ளி எடுக்கறேன், ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்ல. எல்லாப் பாவமும் கடைசியில தேவனுடைய சட்டத்துக்கு விரோதம்கறது வழக்கமான விளக்கம். உண்மைதான், ஆனா உங்களுக்கு அது வயிறு நிறையாது. எனக்கும் நிறையல.

சொத்தை அழிச்சுட்டு அப்பாகிட்டத் திரும்பி வந்த ஊதாரி மகன் வாயில இயேசு வச்ச வார்த்தை வேற மாதிரி இருக்கு. "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும்." ரெண்டு பேர். அதோட மத்தேயு 5:23, 24. காணிக்கையப் பீடத்துக்கிட்ட கொண்டு வந்தவனுக்கு, தன் மேல சகோதரனுக்குக் குறை இருக்குன்னு அங்க நினைப்பு வந்தா, காணிக்கைய அப்படியே வச்சுட்டு முதல்ல போய் அவன்கிட்ட ஒப்புரவாகணும். அப்புறம் வந்து செலுத்தணும். நம்ம மேல அவனுக்குக் குறை இருந்தா, நாம போகணும். பந்தல் போட்டவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிட்டார் போல.


சேவியர் பேட்டை ரிட்டர்ன்
திங்கள், மாலை 4.00

அண்ணா ஒரு டவுட். 860 கிராமைப் பணமா தரணும்னா எந்த ரேட்டு? நானும் வெள்ளி வியாபாரம்தான். 2018ல கிலோ 40,000 பக்கம். 860 கிராம் 34,400 ரூபா. இப்ப கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டிருச்சு. ஒன்றரைன்னே வச்சாலும் 1,29,000. அன்னிக்கு ரேட்டுக்குப் பணமாத் தந்தா முதலாளிக்கு அதுல கால் கிலோ வெள்ளி கூட வாங்க முடியாது.


கோட்டைச் சபையார்
திங்கள், மாலை 4.20

அடடே, 34,400-ஐ நாலால பெருக்குங்க. 1,37,600. எடைக்கு எடை வெள்ளியாத் தந்தாலே சகேயு கணக்குக்கிட்ட வந்துருது.


அரிசிப்பாளையம் டீச்சர்
திங்கள், மாலை 6.50

நாலு மடங்கு எல்லோருக்கும் விதியல்ல. தானாக ஒப்புக்கொள்கிறவனுக்கு லேவியர் 6-இல் முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான் சொல்லியிருக்கிறது. 860-க்கு ஐந்தில் ஒன்று 172. ஆக 1,032 கிராம். தம்பி, பணமாகக் கொடுக்காதீர்கள், வெள்ளியாகவே கொடுங்கள். விலைச் சண்டை வராது.


வக்கீல் குமாஸ்தா
திங்கள், இரவு 8.30

எல்லோரும் வேதாகமமே படிக்கிறீர்கள். நாட்டுச் சட்டத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

சாதாரணப் பணக் கடனுக்கு வழக்குப் போட 1963-ஆம் வருடத்து காலவரையறைச் சட்டப்படி 3 வருடம் கெடு. அது தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மறைத்துச் செய்த மோசடியில் உரியவருக்குத் தெரிய வரும் நாளிலிருந்துதான் கெடு ஓடும். நீங்கள் போய்ச் சொல்லும் நாள்தான் அந்த நாளாக ஆகலாம். காலாவதியான கடனையே தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி அது செல்லும். கிரிமினல் பக்கம் இன்னும் மோசம். முதலாளி பொருளை வேலைக்காரர் திருடினால் 7 வருடம் வரை தண்டனை, அந்த அளவு குற்றங்களுக்குக் காலக்கெடுவே கிடையாது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள். வெறும் மனத்துயரோடு பேப்பரில் கையெழுத்துப் போட்டவர்களை அஸ்தம்பட்டி ஜெயில் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.


மாங்கொட்டை
திங்கள், இரவு 8.36

அண்ணன் ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி. இறங்கும்போது 21 போல.


பதிமூணாம் வளைவு
செவ்வாய், இரவு 10.15

எல்லாத்தையும் படிச்சேனுங்க. இன்னிக்குச் செவ்வாய்ப்பேட்டையில பழைய ஆள் ஒருத்தருக்குப் போன் போட்டேன். முதலாளி இல்ல. 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டாராம். அவர் வீட்டம்மாதான் பட்டறையப் பார்த்துக்கறாங்களாம், அளவு குறைச்சு.

நான் யார்கிட்ட கேட்கறது இனி.

இன்னொண்ணும் இருக்கு. முதல் நாளே எழுதியிருக்கணும், எழுதல. சேர்த்து வச்ச பொய்யில இது ஒண்ணுதான் பாக்கி.

பொடி கூடினா டச், அதாவது வெள்ளியோட சுத்தம், விழும். பெங்களூர் பார்ட்டி ஒருத்தர் ஒரு லாட்டை உருக்கிப் பார்த்துட்டு சரக்கத் திருப்பி அனுப்பிட்டார். முதலாளி ஒட்டு வைக்கற ஆளைக் கேட்டார். ஒட்டு வைக்கறது ஒரு பையன், 19 வயசு, நான்தான் தொழில் சொல்லிக் குடுத்தேன். என்னை 'மாமா'ன்னு கூப்பிடுவான். பொடி டப்பா அவன் பலகையிலதான் இருக்கும். நான் அங்கயே நின்னேன். கையில ஊதுகுழல். அவன் என்னைப் பார்த்தான். நான் நெருப்பைப் பார்த்தேன்.

அவனை நிறுத்திட்டாங்க. திருடன்னு பேர் ஆயிருச்சு, பேட்டையில எந்தப் பட்டறையிலயும் சேர்த்துக்கல. நான் குடிச்சதுக்கு ஆயிரம் காரணம் சொல்வேன், அன்னிக்கு ராத்திரிதான் அதிகமாகுச்சு.

வெள்ளிக்கு எடை இருக்கு. இதுக்கு எத்தனை கிராமுங்க?


சீட்டுல போனவன்
செவ்வாய், இரவு 10.50

இதைக் கேட்டப்புறம் உங்க மேல கோவம்தான் வருது. நேத்து வரைக்கும் பாவம் மனுஷன்னு நினைச்சிருந்தேன். வெள்ளிய விட்டுத் தள்ளுங்க, அந்தப் பையன் எங்க இருக்கான்னு முதல்ல பாருங்க.


அரிசிப்பாளையம் டீச்சர்
புதன், காலை 6.05

முதலாளி இல்லாததற்கு வழி இருக்கிறது தம்பி. எண்ணாகமம் 5:8. உரியவனும் அவன் உறவும் இல்லாவிட்டால்தான் குருவிடம் போக வேண்டும். இங்கே மனைவி இருக்கிறார், அவரிடம் கொடுங்கள்.

பையனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், எங்கள் பக்கத்துப் பாடம். ஒருவனின் நல்ல பெயரைக் கெடுத்தால் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயரை மூடிய அறைக்குள் திருப்பித் தர முடியாது. எத்தனை பேர் முன்னால் போனதோ அத்தனை பேர் முன்னால் வர வேண்டும். குரு வழியாகப் பெயர் சொல்லாமல் அனுப்பலாம் என்று சொன்னேனே, அந்த வாசல் உங்களுக்கு இப்போது மூடிவிட்டது.


புதுச்சிருஷ்டி
புதன், காலை 7.30

சகோதரரே, நேற்று இரவு தூக்கமில்லை. நான் பாஸ்டர் இல்லை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நான்கு வருடம் குடும்பத்தை விட்டு ஓடிப்போனவன். இரட்சிக்கப்பட்டுத் திரும்பி வந்த அன்று வாசலில் நின்று "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நான் புது மனுஷன்" என்றேன். என் மனைவி கதவைத் திறந்தாள். இன்றுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

நான் சொன்ன வசனங்கள் எதையும் வாபஸ் வாங்கவில்லை. கிருபை இலவசம்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஏன் அத்தனை அவசரம் என்று யோசிக்கிறேன்.


சீட்டுல போனவன்
புதன், காலை 8.10

வெல்டர் அண்ணா, நேத்து உங்க மேல கடுப்பா இருந்தேன். இப்ப இல்ல.

ஒரு கேள்வி மட்டும். ஊதாரி மகன் கதையும் படிச்சேன். அவன் பங்கை அவன் வாங்கித் தின்னுட்டான். அப்ப வீட்டுல மிச்சம் இருந்ததெல்லாம் பெரியவன் பங்குதானே? அப்பாவே "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது"ங்கறார். அப்ப சின்னவன் திரும்பி வந்ததுக்கு விருந்துன்னு வெட்டின கன்னுக்குட்டி யாருது? பெரியவனை ஒரு வார்த்தை கேட்டாங்களா? வயல்ல இருந்து வந்து மேளச் சத்தம் கேட்டுத்தான் அவனுக்கே தெரியுது. எனக்கு ஸ்பீக்கர் சத்தம் கேட்டுத் தெரிஞ்ச மாதிரி.


கோட்டைச் சபையார்
புதன், காலை 8.45

கன்னுக்குட்டி அவனோடதுதான். அப்பாவும் அது தெரிஞ்சுதான் வெளிய வந்து அவனைக் கெஞ்சறார். அவன் உள்ள போனானா இல்லையான்னு கதையில இல்ல. மன்னிச்சுத்தான் ஆகணும்னு உங்களைக் கட்டாயப்படுத்த எங்க ஆளுங்களுக்கு வாய் கிடையாது. எத்தனை தரம் மன்னிக்கணும்னு கேட்ட பேதுருவுக்கு எழுபது தரம் ஏழுன்னு இயேசு சொன்னது, கேட்கிறவனுக்குப் பிடிச்சுக்கற கைப்பிடி இல்ல.

வளைவுத் தம்பி, அடிமை ஒனேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதின கடிதம் ஒரே பக்கம்தான். "அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை, நான் செலுத்துவேன்"னு சொந்தக் கையால எழுதறார். உங்க பாஸ்டரைக் கூட வரச் சொல்லுங்க. வசனம் சொல்ல வேண்டாம், சும்மா பக்கத்துல நின்னாப் போதும்.


பதிமூணாம் வளைவு
சனி, இரவு 11.20

பாஸ்டர் வந்தாருங்க. லோத்தின் மனைவியப் பத்தி ஒண்ணும் பேசல. பஸ்ல 13-வது வளைவுல எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு, அவர்தான் பையைப் பிடிச்சுக்கிட்டார்.

என்கிட்ட இப்ப இருக்கறது 212 கிராம்தான். கூலி வாங்கின வாரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிச் சேர்த்த சுத்த வெள்ளி. மீதி தவணைன்னு மனசுல வச்சுக்கிட்டுப் போனேன். வக்கீலையும் முந்தாநாளே பார்த்துட்டேன். எதுவும் எழுதிக் குடுக்காதேன்னார்.

அம்மா என்னைப் பார்த்ததும் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. உட்காரச் சொல்லல. நான் நின்னுக்கிட்டே எல்லாம் சொன்னேன். தூள், பொடி, பெங்களூர் சரக்கு, பையன். பட்டறையில மூணு பேர் வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க, ஊதறதை நிறுத்திட்டாங்க. டீச்சர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு, குரலைத் தாழ்த்தல.

அவங்க எலக்ட்ரானிக் தராசை எடுத்து வச்சு, பொட்டலத்தைப் பிரிச்சு வச்சாங்க. 212.40. உரைச்சுப் பார்த்தாங்க. அலமாரியில இருந்து நீட்டு நோட்டு ஒண்ணு எடுத்தாங்க, 2018. என் பக்கத்தைத் திருப்புவாங்கன்னு நினைச்சேன். பையன் பக்கத்தைத் திருப்பினாங்க. சரக்குத் திரும்பின நஷ்டத்தை அவன் பேர்ல எழுதி, அவனுக்குத் தர வேண்டிய தீபாவளி போனஸ்ல கழிச்சு, சிவப்பு மையில குறுக்கா கோடு போட்டிருந்துச்சு. முதலாளி கையெழுத்து.

அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் பொட்டலத்தை மடிச்சு என் கையிலயே குடுத்துட்டாங்க.

"இதை இப்ப வாங்க மாட்டேன். அவர் அவன் மேல போட்ட கோடு இது. முதல்ல அவனைக் கூட்டிட்டு வா. அவன் எதிர்ல இதை அடிச்சுட்டு, அப்புறம் உன் பக்கத்தை எடுக்கறேன்."

மன்னிச்சேன்னும் சொல்லல, மன்னிக்கலைன்னும் சொல்லல. போலீஸ்னும் சொல்லல.


கோட்டைச் சபையார்
சனி, இரவு 11.41

அந்த அம்மா சர்ச்சுக்குப் போறவங்களா?


பதிமூணாம் வளைவு
சனி, இரவு 11.44

இல்லீங்க. கோட்டை மாரியம்மனுக்கு வருஷா வருஷம் கூழ் ஊத்தறவங்க.


சீட்டுல போனவன்
ஞாயிறு, காலை 7.00

பையன் எங்கன்னு தெரிஞ்சுதா?


பதிமூணாம் வளைவு
ஞாயிறு, காலை 7.20

இளம்பிள்ளையில விசைத்தறி ஓட்டறானாம். அம்மாகிட்ட வேலை பார்க்கற ஒருத்தர் சொன்னார். நாளைக்குப் போறேன். சபைக்கு இன்னிக்குப் போகல, பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.


பதிமூணாம் வளைவு
திங்கள், மாலை 7.15

இளம்பிள்ளையில இருந்து எழுதறேனுங்க.

கொட்டகைக்குள்ள 12 தறி ஓடுது. பக்கத்துல நிக்கறவன் பேசறது காதுல விழாது. பஸ்ல வரும்போது எப்படி ஆரம்பிக்கறது, எந்த வார்த்தை முதல்லன்னு எழுதிப் பார்த்து வச்சிருந்தேன். அங்க ஒண்ணும் நடக்கல. அவன் என்னைப் பார்த்தான், என்னன்னு தாடையால கேட்டான். நான் சொன்னேன், கேட்கலைன்னு கையைக் காட்டினான். அப்புறம் கத்தினேன். "நான்தாண்டா எடுத்தேன். நீ இல்ல. நான்தான். அம்மாகிட்ட சொல்லிட்டேன்." நாலாவது தறியில இருந்த பொம்பளையாள் கூடத் திரும்பிப் பார்த்தாங்க.

அவன் தறிய நிறுத்தல. இழை ஒண்ணு அறுந்துச்சு. குனிஞ்சு பிணைச்சான். கொஞ்சம் தாடி வச்சிருக்கான். கைவிரல்ல பழைய நெருப்புத் தழும்பு அப்படியே இருக்கு, ஊதுகுழல் பிடிக்கச் சொல்லிக் குடுத்த முதல் வாரத்துல பட்டது. நிமிர்ந்தான். என் காதுக்கிட்ட வந்து ஒரே ஒரு தடவை சொன்னான்.

"ஷிப்ட் எட்டு மணிக்கு முடியும். வெளிய நில்லு."

மாமான்னு கூப்பிடல.

கொட்டகைக்கு எதிர்ல புளியமரத்தடியில நிக்கிறேன். பொட்டலம் மடியில இருக்கு. இன்னும் முக்கால் மணி நேரம்.


புதுச்சிருஷ்டி
திங்கள், மாலை 7.22

நில்லுங்கள் சகோதரரே.


சீட்டுல போனவன்
திங்கள், மாலை 7.24

எட்டுக்கு மேல ஆனாலும் போயிடாதீங்க. கடைசி பஸ் போயிருச்சுன்னா இங்க சொல்லுங்க, நான் வண்டி எடுத்துட்டு வரேன்.